இரண்டு பக்கமும் இழுக்கும் மனசு



"என்னமோ போல இருக்கு, எதுலயும் மனசு ஓடலை" என்று உங்களில் யாராவது சொன்னதுண்டா? ஓரிரு நாள் என்றால் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பெற்ற குழந்தையைக் கொஞ்சவும் தோன்றாமல் கிடந்தால் அது சோம்பலும் அல்ல, காத்து கருப்பும் அல்ல. மனச்சோர்வு நோய். மாத்திரை அதற்கு ஒரு சிகிச்சை. பேசிக் குணப்படுத்துவது இன்னொரு சிகிச்சை.

பேச்சில் நோய் தீருமா என்று சிரிக்காதீர்கள். இரண்டாவதும் பெண்ணாகப் பெற்ற ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். "போதும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்கிறது ஒரு மனசு. "அத்தை பேரன் கேக்கறாங்களே, எனக்கும் ஆசைதானே" என்கிறது இன்னொன்று. (ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவால்தான் அமைகிறது. பழியை மட்டும் தாய் சுமக்கிறாள்.) மாமியார் மேல் கோபம் வருகிறது. பிரசவத்தில் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவர் மேல் கோபப்படலாமா என்று கூச்சமும் வருகிறது. கோபத்தை விழுங்குகிறாள். அது "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று அவள் மேலேயே திரும்புகிறது. எல்லா மனச்சோர்வும் இப்படி வருவதில்லை. ஆனால் இந்த இழுபறி உள்ளே இருந்தால் மாத்திரை மட்டும் போதாமல் போகலாம்.

மனநல ஆலோசகர் புத்தி சொல்பவர் அல்ல. பஞ்சாயத்து பண்ணுபவரும் அல்ல. வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம் போல உட்கார்ந்து கேட்பார். "எனக்கு யார் மேலயும் கோபம் இல்லீங்க" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். சில தடவை போன பிறகே, அழுகையோடு உள்ளது வெளியே வரும். நன்றியும் கோபமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம், அதனால் தான் கெட்டவள் இல்லை என்று அப்போது அவளுக்கே விளங்கும். அதன் பிறகுதான் வேறு வழியும் கண்ணில் படும். ஆபரேஷனா, அடுத்த பிள்ளையா என்று இன்றே முடிவு செய்ய வேண்டுமா என்ன? காப்பர்-டி 10 ஆண்டு வரை காக்கும், வேண்டும்போது எடுத்துவிடலாம். கணவர் செய்துகொள்ளும் கருத்தடை ஆபரேஷன், பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. எதுவானாலும் முடிவு அவளுடையது. அதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று ஆலோசகரிடமே பேசிப் பழகிக்கொள்ளலாம்.

கணவன்மார்களே, "உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்காதீர்கள். கூடப் போங்கள். உள்ளே என்ன பேசினாள் என்று துருவாதீர்கள். தகப்பன் விட்டுப்போன நிலத்தை விற்கவும் மனசில்லாமல், கடனை அடைக்கவும் வழியில்லாமல் குடியில் இறங்கும் ஆண்களுக்கும் இதே சிகிச்சை உண்டு.

மாத்திரையின் குணம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் தாய் அதை டாக்டரிடம் சொல்லவும்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. எந்த நாளில் போகலாம் என்று ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் கேளுங்கள். 2022 முதல் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். "செத்துப்போகலாம்னு இருக்கு" என்ற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.