தீவு மக்கள் போட்ட வழக்கு: நமக்கு என்ன பாடம்?



மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவிலே ஒடுங்கிய நிலம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டுப்போன நம்ம சனமும் அந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். 1978இல் சூறாவளி, 2004இல் சுனாமி என்று அடி வாங்கிய மண் அது. இப்போது பூமி சூடேறுவதால் கடல் மட்டமும் உயர்கிறது. கடல் வீட்டு வாசலுக்கு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அவுஸ்திரேலியாவின் டொரஸ் நீரிணைத் தீவு மக்கள் இதைக் கேட்டார்கள். கடல்நீர் ஏறி அவர்களுடைய தோட்ட மண் உப்பாகியது, முன்னோரின் கல்லறைகள் சேதமாகின. தடுப்புச் சுவர் கட்டித் தாருங்கள் என்று பல வருடம் கேட்டும் வேலை இழுபட்டது. 2019இல் எட்டுப் பேர், தங்கள் பிள்ளைகள் ஆறு பேரையும் சேர்த்து, ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள்.

2022 செப்டெம்பரில் முடிவு வந்தது. வீடும் குடும்பமும் பாதுகாப்பாக இருக்கும் உரிமையும், தங்கள் பண்பாட்டைக் காக்கும் உரிமையும் மீறப்பட்டன, நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று குழு சொன்னது. ஆபத்து தெரிந்தும் அரசாங்கம் காலத்தோடு போதிய பாதுகாப்புச் செய்யவில்லை என்பதே முக்கிய காரணம். எல்லா வழக்கும் வெல்வதில்லை. அதே நீரிணைத் தீவுக்காரர் இருவர் போட்ட வேறொரு வழக்கை அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது.

நமக்குக் கடல் தூரம்தான். ஆனால் 2025 நவம்பரில் கிழக்குக் கரையில் ஏறிய டித்வா புயல்தான் மலையிலும் மண்ணைச் சரித்தது. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதையும் மறக்க முடியாது. அங்கே ஆபத்து என்று முன்பே எச்சரிக்கை இருந்தது.

இலங்கையில் உள்ள வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. அரச அதிகாரிகள் செய்ததாலோ, செய்யாமல் விட்டதாலோ அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் விபத்தில் இப்படிப் போட்ட வழக்கில்தான் 2025 ஜூலையில் 100 கோடி டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவு வந்தது.

2. தவணை ஒரு மாதம் மட்டுமே. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது.

3. சுவரில் வெடிப்பு, நிலத்தில் பிளவு கண்டால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் திகதி போட்டு எழுதிக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். அந்தத் துண்டைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அவர்களுக்கு ஆபத்து எப்போதே தெரியும் என்று நாளைக்குக் காட்ட அதுதான் உதவும்.

எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். நலன்புரி அலுவலகத்துக்கு வந்தாலும் எழுதித் தருவோம்.