ஏட்டைத் தொடாத எழுத்து

சேலம் அம்மாபேட்டை நெசவுக்குப் பெயர் பெற்றது. சேலைக் கரையில் பூ நெய்ய, முதலில் கட்டத்தாளில் வரைவார்கள். கட்டங்களை எண்ணினால் பூவின் இடம் தெரியும்.

கணினித் திரையில் பி.டி.எஃப். நூலின்மேல் கையால் குறிப்பு எழுதும்போதும் இப்படித்தான். பேனா செல்லும் வழியிலுள்ள புள்ளி ஒவ்வொன்றும் இரண்டு எண்களாகப் பதிவாகிறது: இடமிருந்து எவ்வளவு, கீழிருந்து எவ்வளவு. பொதுவாக அலகு, அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. புள்ளிகளை இணைத்தால் உங்கள் கையெழுத்து!

இந்த எண்கள் பக்கத்தோடு கலவாமல் தனியே நிற்கின்றன. குறிப்பை அழித்தாலும் மூலநூல் கெடாது. இரண்டையும் ஒன்றாக்கிச் சேமித்துவிட்டாலோ, பிரிப்பது கடினம்.

செய்து பாருங்கள்: பாடநூல்மேல் டிரேசிங் தாள் வைத்து, ஒரு சொல்லின் கீழ் மெதுவாகக் கோடிடுங்கள். தாளைச் சற்று நகர்த்துங்கள். கோடு இப்போது எந்தச் சொல்லுக்கு உரியது? எண்கள் ஏன் தேவை என்பது புரிகிறதல்லவா?