மார்பக வலியும் கேளா ஒலிச் சோதனையும்

மார்பகத்தில் வலி தோன்றியதும் பெண்களின் மனத்தில் முதலில் எழுவது புற்றுநோய் பற்றிய அச்சமேயாகும். ஆனால் கட்டி எதுவுமின்றி வலி மட்டும் இருக்குமாயின் அது புற்றுநோயாக இருப்பது அரிது. தொடக்க நிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனாலேயே பலர் அதனை மாதக்கணக்கில் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றனர். வலி ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறது. வலியற்ற கட்டியோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இம்முரண்பாட்டை மனத்திற் கொண்டே சோதனை முறைகளை வகுத்தல் வேண்டும்.

மாதவிலக்கிற்கு முன் இரு மார்பகங்களிலும் பரவலாகத் தோன்றி, பின்னர்த் தானே தணியும் வலி ஹார்மோன் மாறுதல்களைச் சார்ந்தது. மருத்துவர் கையால் பரிசோதித்து ஐயத்திற்கு இடமில்லை எனக் கண்டால், இதற்கு 'ஸ்கேன்' பொதுவாகத் தேவைப்படாது. விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில், மாதச் சுழற்சியோடு தொடர்பின்றி நீடிக்கும் வலிக்கே கேளா ஒலிச் சோதனை பயன்படுகிறது. விலா எலும்பின் குருத்தெலும்பில் உண்டாகும் வலியும் மார்பக வலிபோல் தோன்றுவதுண்டு.

1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஜான் வைல்டு என்ற மருத்துவர் மார்பகக் கட்டிகளை ஒலி அலைகளால் ஆராய்ந்தார். நீர் நிறைந்த பை எதிரொலி எழுப்பாததால் திரையில் கருமையாகவும், அதன் பின்பகுதி பளிச்சென்றும் தெரியும். திடக்கட்டி சாம்பல் நிறச் சாயைகளுடன் காணப்படும். வலிக்கும் நீர்ப்பையைத் திரையில் பார்த்தவாறே ஊசியால் வடித்துவிடலாம். பாலூட்டும் தாய்மாரின் சீழ்க்கட்டியையும் அவ்வாறே அறியலாம். இளம்பெண்களின் அடர்ந்த திசு எக்ஸ்ரே படத்தில் வெண்மையாகத் தெரியும், கட்டியும் வெண்மையே. எனவே அவர்களுக்குக் கதிர்வீச்சற்ற இச்சோதனையே முதலில் ஏற்றது. ஆயினும் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை இது எளிதில் காட்டாது. ஆகவே நாற்பதைக் கடந்தோருக்கு மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். கைக்குக் கட்டி தட்டுப்படும்போது, ஸ்கேன் நன்றாக உள்ளதென்று வீட்டிற்கு அனுப்பிவிடுவது தவறு.

ஐதராபாத்தில் 1955இல் தோன்றிய மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் நிலையம் அரசுத் துறையில் பணியாற்றுகிறது. 2007இல் அந்நகரில் தொடங்கப்பட்ட உஷாலட்சுமி மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளை, 2012 முதல் 2016 வரை தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட ஏழைப் பெண்களைப் பரிசோதிக்கச் செய்தது. அங்கு முதற்கருவியாக விளங்கியது இயந்திரமன்று. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் கையே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை இலட்சம் பெண்களிடையே நடத்திய ஆய்வும் இதற்கு வலுவூட்டுகிறது. கைப்பரிசோதனையால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என 2021இல் அதன் முடிவுகள் வெளியாயின.

கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்தல் வேண்டும். நினைத்தபடி ஊர்தோறும் கொண்டு செல்ல இயலாது. கட்டுப்பாடு அவசியமானதே. ஆனால் அதன் விளைவாகக் கருவி பெண்ணைத் தேடிச் செல்வதில்லை. ஒருநாள் கூலியை இழந்து அவளே நகருக்கு வர வேண்டியுள்ளது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பும் சீட்டில் 'மார்பு வலி' என்று மட்டும் எழுதுதல் போதாது. எந்தப் பக்கம், கடிகார முகப்பின் எந்த மணி நிலையில், முலைக்காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எத்தனை வாரங்களாக என்பனவற்றைக் குறித்தனுப்பினால், ஸ்கேன் செய்பவர் அவ்விடத்தையே முதலில் நோக்குவார்; அப்பெண் மறுமுறை பயணம் செய்ய நேராது.