ஈஸ்ட் தொடாத ஆல்கஹால்: கமே திராட்சையின் கதை

போன செமஸ்டர் லேப் வைவாவில் என்னிடம் கேட்ட கேள்வி: "ஈஸ்ட் இல்லாம திராட்சைக்குள்ள ஆல்கஹால் உருவாகுமா?" நான் யோசிக்கவே இல்லை. "சான்ஸே இல்ல சார்" என்றேன். சார் சிரித்துவிட்டு, "போஜொலேன்னு ஒரு ஒயின் இருக்கு, போய்ப் படிச்சுட்டு வா" என்றார். மார்க் போச்சு. ஆனா படிச்சது வீண் போகல, அதான் இந்தக் கட்டுரை. குடிக்கச் சொல்லி எழுதலை, பிராசஸைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன்!

விரட்டப்பட்ட திராட்சை

போஜொலே என்பது பிரான்ஸில் லியோன் நகரத்துக்கு வடக்கே உள்ள மலைப்பாங்கான பகுதி. அங்கே செய்யும் சிவப்பு ஒயின் கிட்டத்தட்ட முழுக்க கமே என்ற ஒரே திராட்சை வகைதான். செர்ரி, ராஸ்பெர்ரி மாதிரி பழவாசனை, துவர்ப்பு கம்மி. பக்கத்து பர்கண்டி ஒயினோடு ஒப்பிட்டால் விலையும் கம்மி.

இந்தக் கமேக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. 1395-ல் பர்கண்டியை ஆண்ட கோமகன் பிலிப், இது மோசமான செடி, பிடுங்கிப் போடுங்கள் என்று ஆணையிட்டார். கமே சீக்கிரம் பழுக்கும், நிறையக் காய்க்கும், அதனால் விவசாயிகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் உயர்வான பினோ நுவார் திராட்சையின் இடத்தை இது பிடித்தால் பர்கண்டியின் பேரு கெட்டுடும் என்பது அவர் பயம்.

இதில் ஒரு ட்விஸ்ட். 1999-ல் வெளியான டிஎன்ஏ ஆய்வுப்படி, கமேயின் பெற்றோரில் ஒன்று அதே பினோ! இன்னொன்று குவே பிளாங்க் என்ற, யாரும் மதிக்காத வெள்ளைத் திராட்சை. உலகமே கொண்டாடும் சார்டனேயும் இதே ஜோடிக்குப் பிறந்ததுதான்.

பர்கண்டியில் திட்டு வாங்கிய கமே, தெற்கே போஜொலேயின் கிரானைட் மண்ணில் நன்றாக வந்தது.

தொட்டிக்குள் என்ன நடக்குது?

வழக்கமான சிவப்பு ஒயினில் பழத்தை நசுக்கி, சாறு, தோல், விதை எல்லாம் சேர்த்து ஈஸ்டை வைத்து நொதிக்க விடுவார்கள். தோலிலிருந்து நிறம் வரும். தோல், விதையிலிருந்து டானினும் வரும். நாவல்பழம் தின்னா நாக்கை இழுத்துப் பிடிக்கும்ல, அந்தத் துவர்ப்புதான் டானின்.

போஜொலேயில் ரூட் வேற:

1. கொத்துகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போடுவார்கள்.

2. மேலே உள்ள எடையால் அடியில் கிடக்கும் பழங்கள் நசுங்கும். அந்தச் சாறு ஈஸ்டால் நொதித்து கார்பன் டை ஆக்சைடு வரும். இதன் மூலக்கூறு எடை 44, காற்றின் சராசரி 29. கனமான வாயு என்பதால் கீழிருந்து நிரம்பி, காற்றை மேலே தள்ளிவிடும்.

3. இப்போ முழுசா இருக்கும் பழங்களுக்கு ஆக்சிஜன் இல்லை. ஆனால் அவற்றின் செல்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கு. தங்கள் சொந்த என்சைம்களை வைத்தே சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். சுமார் 2 சதவீதம் வந்ததும் செல்கள் செத்துவிடும்.

4. இதற்குள் புளிப்பான மாலிக் அமிலம் ஓரளவு குறையும், பழவாசனை தரும் எஸ்டர்கள் சேரும். பிறகு பிழிந்து எடுத்தால், மிச்ச சர்க்கரையை ஈஸ்ட் முடித்துவைக்கும்.

தோலும் விதையும் சாற்றில் ஊறும் நேரம் குறைவு, அதனால் டானினும் குறைவு. இதற்குப் பெயர் செமி கார்பானிக் மெசரேஷன். வெளியிலிருந்தே கார்பன் டை ஆக்சைடை நிரப்பினால் அது முழு கார்பானிக். அதை 1934-லேயே ஆராய்ந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி மிஷேல் ஃபிளான்சி.

ஏன் விலை கம்மி?

டானின் குறைவு என்பதால் வருஷக்கணக்கில் பீப்பாயில் வைத்து மிருதுவாக்கத் தேவையில்லை. போஜொலே நூவோ என்ற ரகம் அறுவடையான சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வந்துவிடும். 1985-லிருந்து இந்த நாள்தான். விவசாயிக்கு அதே வருஷம் காசு கிடைக்கும்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. போஜொலே என்றாலே சீப் ஒயின் என்ற முத்திரை விழுந்துவிட்டது. அதே கமேயில் மோர்கோன், ஃப்ளூரி போன்ற 10 தனிப் பகுதிகள் தரமான ஒயின் செய்கின்றன. அதில் சிலது பல வருஷம் தாங்கும். ஆனாலும் பல பாட்டில்களில் ஊர்ப்பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜொலே என்ற சொல்லைத் தேடணும். 1395-ல் திராட்சைக்கு ஒட்டிய முத்திரை, இப்போ ஊருக்கு ஒட்டிக்கிச்சு.

கோமகன் செடியை மட்டும் பார்த்தார், மண்ணையும் பிராசஸையும் பார்க்கல. நானும் ஒரே ஈக்வேஷனை மனப்பாடம் பண்ணிட்டு "சான்ஸே இல்ல" என்று சொன்னவன்தானே!

போன வாரம் சாரிடம் போய், "உருவாகும் சார், 2 சதவீதம் வரைக்கும்" என்றேன். மார்க் மாறல. "சரி, அந்த மாலிக் அமிலம் எங்க போச்சு?" என்று அடுத்த கேள்வி வந்தது.

படிச்சுட்டு அடுத்த இதழ்ல வர்றேன் மக்களே!