ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள்



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, அளவான குடும்பம் இவைதான் உங்கள் நினைவுக்கு வரும். இந்தத் துண்டுப் பிரசுரம் உங்கள் வாயைப் பற்றியது. சோறு தின்கிற வாய்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நம் நாட்டில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை.

வயிற்றுக்குள்ளோ ஈரலிலோ வரும் புற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. வாய் அப்படியில்லை. ஒரு டார்ச் லைட்டும் பார்ப்பதற்கு ஒரு ஆளும் இருந்தால் போதும். அந்த ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

புற்று வருமுன் பல பேருக்கு வாயில் ஒரு அடையாளம் தோன்றும். உள்கன்னத்திலோ, நாக்கின் ஓரத்திலோ, உதட்டின் உள்பக்கத்திலோ வெள்ளையாக ஒரு திட்டு. துணியால் துடைத்தாலும் போகாது. சிலருக்கு வெல்வெட் மாதிரி சிவப்புத் திட்டு வரும். இது வெள்ளையை விடப் பொல்லாதது. இரண்டும் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் யாரும் கவனிப்பதில்லை. வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றாக மாறிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். புகையிலையை விட்டதும் தானே மறைந்துபோகிற திட்டுகள் உண்டு. எது மறையும், எது மாறும் என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று வாய் இறுகுவது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு உள்கன்னம் வெளுத்து, தோல் மாதிரி விறைத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பது குறையும். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் குடியிருந்த இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதினார். காரணம் பாக்கு. பாக்கில் உள்ள ஒரு பொருள் உள்கன்னத்துத் தோலின் கீழே நாரைப் பெருக்குகிறது. “நான் புகையிலை தொடுவதே இல்லை, பாக்கு மட்டும்தான்” என்று சொல்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பாக்கெட்டில் வரும் பான் மசாலாவுக்கும் இது பொருந்தும். இறுகிய வாய் பழையபடி முழுக்கத் திரும்புவது கஷ்டம். பாக்கை நிறுத்தினால் மேற்கொண்டு இறுகுவதைத் தடுக்கலாம்.

பார்ப்பது எப்படி? மாதம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, வெளிச்சம் பார்த்து உட்காருங்கள். முதலில் நடு மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வையுங்கள். அவரவர் விரல்தான் கணக்கு. மூன்றும் நுழைய வேண்டும். அடுத்து உதட்டைப் புரட்டி உள்பக்கம், ஈறு, விரலால் கன்னத்தை ஒதுக்கி இரண்டு உள்கன்னம், அண்ணம் எல்லாம் பாருங்கள். புகையிலையை எந்தப் பக்கம் அடக்கி வைக்கிற வழக்கமோ அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து, இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பாருங்கள். அந்த இடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

“நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்பீர்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயை வெறும் கண்ணால் பார்த்தார்கள். அவர்கள் யாரும் டாக்டர் இல்லை. சந்தேகம் வந்தவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005-ல் முடிவு வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் சாவது, இப்படிப் பார்க்காத பகுதிகளைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உங்கள் வேலையும் அதுதான்: சந்தேகப்படுவது. நோயைத் தீர்மானிப்பது டாக்டர் வேலை.

வாய்ப்புண் வந்தால் வயிற்றுச் சூடு என்பார்கள். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், தடையில்லை. கூர்ப்பல் குத்துகிறது என்றால் பல் டாக்டரிடம் காட்டி ராவிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்தும் ஆறாத புண்ணுக்குக் கீரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் சந்தேகம் என்றால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். இங்கேதான் பலர் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். “கத்தி பட்டால் பரவிடும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதை எடுத்து, மெழுகில் பதித்து மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி பூதக்கண்ணாடிக் கருவியில் பார்ப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு திட்டுகளில் ஒன்று வெறும் தடிப்பாக இருக்கும், மற்றொன்று புற்றாக இருக்கும். பல வருஷம் பார்த்த டாக்டருக்கும் கண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முடிவு வர சில நாள் ஆகும். அதை வாங்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி உங்களுக்குத் தெரியாமல் புகையிலை அடக்குகிறவராக இருக்கலாம். பல்வலிக்கென்று ஆரம்பித்து, களை எடுக்கும்போது பசி தெரியாமல் இருக்க என்று தொடர்ந்திருப்பார். சத்தம் போட்டால் மறைப்பார். மறைத்தால் திட்டும் சேர்ந்து மறையும். கர்ப்பமாக இருக்கும்போது புகையிலை போட்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும், குறைமாதத்திலும் பிறக்கலாம் என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் விரலிடுக்கில் பீடி இருக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து விடுவதுதான் சுலபம். விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், காசு கிடையாது.

திட்டு, ஆறாத புண், கழுத்துக் கட்டி, வாய் திறக்காமை இவற்றில் எது கண்ணில் பட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, பல் டாக்டர் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ள வேண்டாம். போகும்போது வெற்றிலை போடாமல் போங்கள். சாறு ஒட்டியிருந்தால் திட்டு தெரியாது. இருவரும் சேர்ந்தே போனால் இரண்டு வாயையும் ஒரே நாளில் பார்த்துவிடுவார்கள்.