சைலன்சர் சூடும் லேத் கீறலும்: தழும்பு மங்க என்ன செய்யலாம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவரின் முன்கையைப் பாருங்கள்; இரும்புச் சுருள் கிழித்த கோடுகள் இருக்கும். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பைக்கில் வந்து அவசரமாக இறங்குபவருக்குக் கெண்டைக்காலில் சைலன்சர் சூடு. புண் ஆறிவிடும், தழும்புதான் போகாது.

1. சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சூடு ஆழமாக இறங்காது. பற்பசை, பேனா மை வேண்டவே வேண்டாம்.

2. பொருக்கைப் பிய்க்காதீர்கள். வாஸ்லின் தடவி மூடி வையுங்கள்; காய்ந்துபோகாத புண்ணில்தான் புதுத்தோல் சீக்கிரம் படரும்.

3. புண் முழுதாக மூடிய பிறகு, தினம் இருமுறை ஐந்து நிமிடம் விரலால் அழுத்தித் தேயுங்கள். இறுகிய தழும்பு இளகும்.

4. மேடான தழும்புக்கு சிலிக்கான் ஷீட் ஒட்டுங்கள். தோலின் ஈரத்தைக் காக்கும். நாளுக்கு 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம் இருக்க வேண்டும். ஒரு வாரம் ஒட்டிவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம்!

5. வெயில் படாமல் மூடுங்கள், அல்லது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசுங்கள். புதுத்தோல் சட்டென்று கறுக்கும். எலுமிச்சைச் சாறு எரிச்சலைத்தான் தரும்.

தழும்பு முதிர்ந்து நிறம் மங்க ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூட ஆகும்.

காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்தால் அது கீலாய்டு. நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு வாங்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசியால் அடக்கலாம். பெரிய தீக்காயமா? கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் அதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.