என்ஜின் ட்யூனர் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

மலைப்பாதை, ஆற்றுப்படுகை, மணல்மேடு ஆகியவற்றில் செல்லத்தக்க நான்கு சக்கர இயக்க வாகனங்கள் இன்று பலருக்குக் குடும்ப வாகனங்களாகவும் விளங்குகின்றன. மகிந்திரா தார், மாருதி சுசுகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, இசுசு வி-கிராஸ் போன்றவற்றைக் கடன் பெற்று வாங்குவோர் பலர். வாங்கிய சில மாதங்களில் அவர்களுள் சிலருக்கு, என்ஜினின் ஆற்றலை இன்னும் சற்று கூட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழுகிறது. சந்தையில் அதற்கெனப் பல கருவிகளும் சேவைகளும் கிடைக்கின்றன. விளம்பரங்கள் அனைத்தும் குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்பதையே முன்னிறுத்துகின்றன. ஆனால் அந்த எண்ணுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

ட்யூனர் செய்வது என்ன?

இன்றைய என்ஜின்களை ஒரு கணினி ஆள்கிறது. காற்றின் அழுத்தம், வெப்பநிலை, எரிபொருள் குழாயின் அழுத்தம், மிதியின் நிலை ஆகியவற்றை உணரிகள் வாயிலாக அது நொடிக்குப் பலமுறை அறிகிறது. தன்னுள் எழுதப்பட்டுள்ள அட்டவணைகளைப் பார்த்து, எவ்வளவு எரிபொருளை எப்போது செலுத்துவது, டர்போசார்ஜர் எவ்வளவு காற்றை அழுத்தித் தர வேண்டும் என்பவற்றை முடிவு செய்கிறது. இந்த முடிவுகளை மாற்றுவதே ட்யூனரின் வேலை. மாற்றும் முறை மூவகைப்படும்.

முதலாவது, மிதிக் கட்டுப்பாட்டுக் கருவி. மிதியிலிருந்து கணினிக்குச் செல்லும் குறிப்பை மட்டும் இது மிகுவித்துக் காட்டும். வண்டி விரைந்து பாய்வதுபோல் தோன்றும்; என்ஜினின் ஆற்றல் இம்மியளவும் கூடுவதில்லை. பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து செல்வதற்குக் கூர்மையான மிதி இடையூறே. மிதியின் துடிப்பைக் குறைக்கும் அமைப்பு உள்ள கருவி மட்டுமே அங்கே பயன்படும்.

இரண்டாவது, ட்யூனிங் பாக்ஸ். இது உணரிக்கும் கணினிக்கும் இடையே அமர்ந்து, உணரியின் அளவீட்டைத் திரித்துச் சொல்கிறது. டீசல் என்ஜினில் எரிபொருள் குழாயின் அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று அது அறிவிக்கும். கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும்; எரிபொருள் மிகுதியாகப் பாயும். பொருத்துவதும் கழற்றுவதும் எளிது என்பதே இதன் சிறப்பு. கணினி தவறான கணக்கை வைத்துக்கொண்டே என்ஜினைக் காக்க முயல்கிறது என்பது இதன் குறை.

மூன்றாவது, ரீமேப். கணினியினுள் உள்ள அட்டவணைகளையே திருத்தி எழுதுவது இது. முறைப்படி செய்தால் மூன்றனுள் இதுவே செம்மையானது. எரிபொருள், காற்றழுத்தம், முறுக்குவிசை வரம்பு ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்க முடியும். ஆனால் தரம் முழுவதும் எழுதுபவரின் திறமையைப் பொறுத்தது. எந்த வண்டிக்கோ எழுதிய கோப்பை அப்படியே ஏற்றிவிடுபவரும் தம்மை ட்யூனர் என்றே அழைத்துக்கொள்கிறார்.

எந்தச் சுழற்சியில் விசை வேண்டும்?

கரடுமுரடான பாதையில் நமக்குத் தேவைப்படுவது குதிரைத்திறனன்று. குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசை. இவ்விரண்டின் உறவை ஓர் எளிய கணக்கு விளக்கும். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 9,549ஆல் வகுத்தால் ஆற்றல் கிலோவாட்டில் கிடைக்கும்.

2020இல் வெளிவந்த தார் டீசல் என்ஜினுக்குத் தயாரிப்பாளர் அறிவித்த முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். அது 1,600 முதல் 2,800 சுழற்சி வரை கிடைக்கிறது. 1,600 சுழற்சியில் கணக்கிட்டால் வருவது ஏறத்தாழ 50 கிலோவாட், அதாவது சுமார் 67 குதிரைத்திறன். அதே என்ஜினின் உச்ச ஆற்றலான 130 குதிரைத்திறன் 3,750 சுழற்சியில்தான் வெளிப்படுகிறது. பாறைகளுக்கிடையே ஊரும்போது அந்தச் சுழற்சியை நாம் எட்டுவதே இல்லை. எனவே, 130 என்பது 155 ஆகும் என்று விளம்பரம் சொன்னால், எந்தச் சுழற்சியில் ஆகும் என்பதே நம் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். கூடுதல் முழுவதும் 3,000 சுழற்சிக்கு மேல்தான் என்றால், அது நெடுஞ்சாலையில் முந்துவதற்கு உதவுமேயன்றி மலையேற உதவாது.

என்ஜினின் வகையும் இங்கே முக்கியம். டர்போசார்ஜர் உள்ள என்ஜினில் காற்றழுத்தத்தைக் கூட்ட இடமுண்டு. ஆகவே ரீமேப் பலன் தெளிவாகத் தெரியும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் டர்போசார்ஜர் இல்லை. தானே இழுக்கும் காற்றை மட்டும் நம்பியுள்ள அத்தகைய என்ஜினில் மென்பொருளால் கிடைக்கும் கூடுதல் மிகச் சொற்பம். அவ்வகை வண்டிக்குப் பெரும் பலனை வாக்களிக்கும் கருவியை ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை.

தயாரிப்பாளர் மிச்சம் வைத்த வலிமை

நிறுவனமே இந்தக் கூடுதல் ஆற்றலைத் தந்திருக்கலாமே என்று சிலர் வினவுவர். ஒரே வண்டி இராஜஸ்தானின் கோடையிலும் இலடாக்கின் குளிரிலும் ஓட வேண்டும். எரிபொருளின் தரம் ஊருக்கு ஊர் வேறுபடும். பராமரிப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இவை அனைத்தையும் தாங்குவதற்கென விடப்பட்ட இடைவெளியைத்தான் ட்யூனர் எடுத்துச் செலவழிக்கிறது.

இலே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்கே. அதே அளவு காற்றைத் தர டர்போசார்ஜர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதன் வரம்பு மீறாதபடி மூலக் கணினி உயரத்துக்கேற்ப அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. காற்றழுத்த அளவீட்டைத் திரிக்கும் பெட்டி இந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. சமவெளியில் மாதக்கணக்கில் குறையின்றி ஓடிய வண்டி உயர்மலையில் பழுதாவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

டீசல் வண்டிகளில் மற்றுமொரு சிக்கல் உண்டு. பி.எஸ்.-6 விதிமுறை 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்ள அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மெதுவாக ஊரும் ஓட்டத்தில் அந்த வெப்பம் எளிதில் எழுவதில்லை. அதனோடு மிகை எரிபொருளும் சேர்ந்தால் கரி விரைவில் நிறைந்து வடிகட்டி அடைபடும். அதற்குத் தீர்வாக வடிகட்டியையே அகற்றிவிடலாம் என்று சில பட்டறைகளில் கூறுவர். அந்த யோசனையை உடனே மறுத்துவிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை அகற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது.

பெட்ரோல் டர்போ வண்டிகளில் எரிபொருளின் ஆக்டேன் அளவைக் கவனிக்க வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென எழுதிய அட்டவணையோடு தொலைதூரச் சிற்றூரில் சாதாரண பெட்ரோலை நிரப்ப நேர்ந்தால், உரிய தருணத்துக்கு முன்பே எரிதல் நிகழ்ந்து பிஸ்டன் சேதமடையக்கூடும். இவையன்றி, கிளச், கியர்பெட்டி, அச்சுத்தண்டு ஆகியவை பழைய முறுக்குவிசைக்கென அமைந்தவை என்பதையும் மறக்கலாகாது. ஃபோர்-லோ பல்லிணை முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருக்குவதால், என்ஜினில் கூடும் சிறு விசையும் சக்கரத்தருகே பெருஞ்சுமையாகிறது.

ஆவணங்கள் தாங்குமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புதிய வடிவப் பதிவுச் சான்றிதழ்களில் குதிரைத்திறனும் ஒரு விவரமாக இடம்பெறுகிறது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புகை, ஒலி அளவுகளை மீறி ஓட்டுவதற்கு 190ஆம் பிரிவில் தனித் தண்டனை உண்டு.

அடுத்தது உத்தரவாதம். மாற்றத்தால் விளைந்த பழுதுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. சேவை நிலையத்துக்குச் செல்லும் முன் பழைய கோப்பை ஏற்றிவிடலாம் என்பது பலரது நம்பிக்கை. ஆனால் பல கணினிகள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையைத் தம்முள் குறித்து வைத்திருக்கும்.

மூன்றாவதாகக் காப்பீடு. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் கண்டறியப்பட்டால், சொந்தச் சேத இழப்பீடு குறைக்கப்படலாம்; மறுக்கவும்படலாம். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றைத் தனியார் கார் காப்பீட்டு ஆவணங்கள் பொதுவாக விலக்கியே வைத்துள்ளன. வார இறுதிப் போட்டிகளில் பங்கேற்போர் இதைக் கருத வேண்டும்.

இவை நம் கடனோடு எவ்வாறு இணைகின்றன என்று பார்ப்போம். ஒருவர் ரூ.12 இலட்சம் கடனை 9.5 சதவீத வட்டியில் ஏழாண்டுத் தவணையில் பெற்றதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.19,600. இரண்டாண்டு தவறாமல் செலுத்திய பின்னும் நிலுவை ஏறத்தாழ ரூ.9.34 இலட்சம் இருக்கும். அந்நிலையில் வண்டி மலைச்சரிவில் உருண்டு முழுச் சேதமடைகிறது. வண்டி வங்கிக்கு ஈடாகப் பதிவு செய்யப்பட்டிருப்பதால், இழப்பீடு கிடைத்தால் அது முதலில் கடனை அடைக்கும். கிடைக்காவிட்டால், வண்டி இல்லாமலேயே எஞ்சிய ஐந்தாண்டும் தவணை கட்ட வேண்டும். சில பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ட்யூனரின் உண்மையான விலை அப்போதுதான் தெரியவரும். எனவே, கடன் ஒப்பந்தத்தில் வாகன மாற்றம் குறித்த நிபந்தனையைப் படித்து, வங்கியின் எழுத்துவழி ஒப்புதலை முன்கூட்டியே கோருவது நன்று.

பட்டறையில் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின்னும் ட்யூனர் தேவை என்று முடிவு செய்வோர் பின்வரும் வினாக்களுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும்.

1. இக்கருவிக்கோ மாற்றத்துக்கோ புனேயிலுள்ள அராய், மானேசரிலுள்ள ஐகேட் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பின் சான்று உண்டா?

2. நம் வண்டியின் மாடல், ஆண்டு, என்ஜின் வகை ஆகியவற்றுக்கே எழுதிய கோப்பா? மூலக் கோப்பின் பிரதியை நமக்குத் தருவார்களா?

3. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டைனோ கருவியில் அளந்த வரைபடம் தருவார்களா? அதில் 1,200 முதல் 2,500 சுழற்சி வரையிலான பகுதியை முதலில் நோக்க வேண்டும்.

4. வெளியேறும் புகையின் வெப்பநிலையை அளந்தார்களா? முறுக்குவிசை வரம்பும் வெப்பக் காவலும் அப்படியே விடப்பட்டுள்ளனவா?

5. புகை வடிகட்டியிலும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் கைவைக்கவில்லை என்று பட்டியலில் எழுதித் தருவார்களா?

6. என்ஜின் பழுதடைந்தால் பொறுப்பு யாருடையது, எத்தனை மாதத்துக்கு?

முதல் வினாவுக்கு இல்லை என்ற விடை வந்தால், பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அக்கருவியைத் தவிர்ப்பதே முறை. மற்ற வினாக்களில் இரண்டுக்குத் தெளிவான விடை வராவிட்டாலும் அந்தப் பட்டறையை விட்டு அகல்வது நலம்.

முதலில் செய்யத்தக்கவை

ஏறாத மேட்டுக்கு என்ஜினே காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் குறை சக்கரம் மண்ணைப் பற்றும் இடத்தில்தான் இருக்கும். பற்றில்லாத சக்கரத்துக்குக் கூடுதல் விசை கொடுத்தால் அது இன்னும் வேகமாக வழுக்கிச் சுழலும். நிலத்துக்கேற்ற டயர், மணலில் காற்றை அளவோடு குறைத்துச் சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்ப ஒரு சிறு பம்பு, தூய காற்று வடிகட்டி, உரிய காலத்தில் எண்ணெய் மாற்றம், ஃபோர்-லோவை எப்போது பயன்படுத்துவது என்பதைக் கற்றுத்தரும் ஒருநாள் பயிற்சி ஆகிய இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நல்ல ரீமேப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதே. இவற்றால் என்ஜினின் அமைப்பு மாறுவதில்லை. தயாரிப்பாளர் அனுமதித்த அளவிலேயே டயரைத் தேர்ந்தெடுத்தால் மேற்சொன்ன ஆவணங்களுக்கும் இடையூறு நேராது.

இவற்றைச் செய்து ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகும் எந்த இடத்தில், எந்தச் சுழற்சியில் விசை போதவில்லை என்று நம்மால் திட்டவட்டமாகச் சொல்ல முடிந்தால், அப்போது ட்யூனரைப் பற்றி எண்ணலாம்.